பரிசத் தட்டில் பூஞ்சணம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்பிளை யாரும் தின்று நான் பார்த்ததில்லை. கொண்டுபோவார்கள். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால், பிள்ளை பெற்றால், வீட்டில் பெண் பெரியவளானால், நுவரெலியாவிலோ ஹட்டனிலோ முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் நாலு அப்பிள் வாங்கி, சுற்றியிருக்கும் மெல்லிய காகிதம் கசங்காமல் பையில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போவார்கள். வாங்கிக்கொண்ட வீட்டில் அது சாமி படத்துக்கு முன்னால் ஏறும். கொஞ்ச நாளில் வேறு யாராவது படுப்பார்கள். அப்பிள் அங்கிருந்து கிளம்பும். பெரிய டாக்டர்கள் பார்க்காத வார்டுகளையெல்லாம் பார்த்துவிட்ட அப்பிள்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. தின்பதற்கு எங்களுக்குக் கொய்யாவும் பேரிக்காயும் இருந்தன, தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாய்த்தூளும் இருந்தன. கடல் தாண்டி வந்த பழத்தைக் கடித்துப் பார்ப்பது, கலியாணச் சேலையைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிற மாதிரி.

இதை முதலில் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த வருஷங்களில், நுவரெலியாவில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. பழங்களில் பிடிக்கிற பூஞ்சணத்தில் எது நஞ்சு செய்யும், எது செய்யாது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. அம்மா எங்கள் வரிசை வீடுகளான லயம் முழுக்க, "பெரியவன் கிருமி புடிக்கிறான்" என்று சொல்லி வைத்திருந்தார். இதுபோதாதென்று என்னுடைய வெள்ளைக் கோட்டைத் துவைக்க ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவந்து தொலைத்தேன். அது கொடியில் காய்ந்ததைப் பார்த்த நாளிலிருந்து, நான் லீவில் வந்தால் வாசலில் இருமலும் முழங்கால் வலியும் வந்து உட்கார்ந்துகொண்டன. நான் டாக்டர் இல்லை என்று சொன்னால், படித்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். கடைசியில் எல்லோருக்கும் சுடுதண்ணீர் குடிக்கச் சொன்னேன். பலபேருக்குக் குணமாகிவிட்டது. அதோடு, நான் டாக்டர் இல்லை என்கிற பேச்சு எடுபடுவதே நின்றுபோனது.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவர் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் ஐயா என்போம். மலைக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, மழையைப் பார்த்து யாரோ தனக்கென்று செய்கிற அநியாயம்போல முறைப்பார். பூஞ்சணம் என்றால் உயிர். எல்லா நீலப் பூஞ்சணமும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், ஆளைப் பார்த்து நல்லவனா கெட்டவனா என்று சொல்ல முடியாது, ஆகவே அதன் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து நஞ்சு செய்யும் ஜீன், அதாவது பரம்பரையலகு, உள்ளே இருக்கிறதா என்று தேட வேண்டும் என்பார். அதற்காக ஒரு மெஷின் வெளிநாட்டு உதவியில் வந்திருந்தது. துளியூண்டு டி.என்.ஏ.யைச் சூடாக்கியும் குளிராக்கியும் கோடிக்கணக்கில் பெருக்கித் தரும். தேடுகிற பரம்பரையலகு இருந்தால் கடைசியில் ஜெல்லில் ஒரு வெளிச்சக்கோடு விழும். இல்லாவிட்டால் இருட்டு.

மெஷினைத் திறந்துவைக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து ரிப்பன் வெட்டி, கேக் வெட்டி, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். மெஷினுக்குள் ஊற்ற வேண்டிய மருந்துகள் மட்டும் வரவில்லை. மருந்து வந்தபோது மின்வெட்டு தொடங்கியது. சூடாக்கும்போது கரண்டு போகும், குளிராக்கும்போது கரண்டு வரும். மின்வெட்டு ஓய்ந்தபோது பூஞ்சணம் கிடைக்கவில்லை.

பூஞ்சணம் எப்படிக் கிடைக்காமல் போகும் என்று கேட்பீர்கள். வலப்பனைப் பக்கம் வீட்டுக்கு வீடு பேரிக்காய் மரம். ஐயாவும் நானும் போய், அழுகின பழமாக நாலு கொடுங்கள் என்று கேட்டோம். ஆய்வுகூடத்திலிருந்து இரண்டு உத்தியோகத்தர் வந்து நிற்கும்போது அழுகினதைக் கொடுக்கிற அளவுக்கு எங்கள் சனத்துக்கு மரியாதை கெட்டுப்போகவில்லை. கேட்கக் கேட்க உச்சிக்கிளையில் ஏறி, கை படாத பழமாகப் பறித்துத் துடைத்துத் தந்தார்கள். இல்லை, கெட்டதுதான் வேண்டும் என்று ஐயா கெஞ்சினார். பாவம் கூச்சப்படுகிறார் என்று இன்னும் ஒரு பை கொடுத்தார்கள். வான் நிறையப் பேரிக்காயோடு திரும்பினோம். அவை கெடும்வரை வைத்திருக்கலாம் என்று ஐயா சொன்னார். கெடுவதற்குள் மற்ற உத்தியோகத்தர்கள் தின்று முடித்துவிட்டார்கள்.

நிலைமை இப்படியிருக்கும்போதுதான் தங்கச்சிக்குப் பரிசம் போட்டார்கள்.

மாப்பிள்ளை மஸ்கெலியாப் பக்கம். பஸ் கண்டக்டர். தங்கச்சி ஹட்டனில் தையல் வகுப்புக்குப் போய்வந்த காலத்தில் டிக்கட் கிழித்துக் கொடுத்துக் கொடுத்து உண்டான சம்பந்தம் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். இரண்டு வீடும் பெரியவர்கள் பார்த்துப் பேசினதுபோலவே நடித்தன. அப்பா இல்லாத வீடு என்பதால் தாய்மாமாதான் முன்னால் நின்றார். கங்காணி வேலையிலிருந்து மாமா ஓய்வு பெற்றுவிட்டார். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை அதட்டி மலைக்கு அனுப்பிய அந்தக் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. உப்பு எடு என்பதையும் அதே குரலில்தான் சொல்வார்.

மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டுகளில் சேலை, தேங்காய், வெற்றிலை, கதலிப்பழம் எல்லாம் இருந்தாலும் லயமே எட்டிப்பார்த்தது அப்பிள் தட்டைத்தான். கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தார்கள். எங்கள் வழக்கப்படி பரிசத் தட்டைச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்து, அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்கு இரண்டு பக்கத்துச் சனமும் கூடும்போது பிரித்துப் பங்கிடுவார்கள். சித்தப்பா வீட்டுக்கு இத்தனை, பெரியம்மா வீட்டுக்கு இத்தனை. பெண்ணுக்குப் பங்கு கிடையாது. அவளுக்குத்தான் சேலை வந்திருக்கிறதே.

போயா அன்று மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் மஸ்கெலியாவிலிருந்து வந்திருந்தார்கள். மாமா சூடம் காட்டிவிட்டுக் கோபுரத்தின் உச்சி அப்பிளைத் தூக்கினார். மேலே சிவப்பு. அடிப்பக்கம் முழுக்க நீலப் பூஞ்சணம். மாமாவின் விரல் உள்ளே போய்விட்டது.

பேசாமல் கீழே வைத்திருக்கலாம். ஆனால் மாமா அதை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, அழுகின பழத்தைப் பெண்ணுக்கு வைக்கிற சாதியா நீங்கள் என்றார். கொண்டுவந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது, உங்கள் வீட்டு ஈரம்தான் கெடுத்தது என்றார் பெரியவர். எங்கள் வீட்டில் ஈரமா என்று மாமா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கூரைத்தகரம் ஒழுகுகிற சத்தம் அப்போது எல்லோருக்கும் கேட்டது. கூட்டத்தில் யாரோ, உச்சிப் பழம் மட்டும் எப்படிக் கெடும், எவரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் எல்லோரும் கேட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு படி இறங்கினார். மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி பின்னால் போனார்.

தேத்தண்ணி ஊற்றி வைத்தது வைத்தபடி இருந்தது. வந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து போனால் எங்கள் பக்கத்தில் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. சம்பந்தம் முறிந்தது என்றே அர்த்தம். தங்கச்சி அந்தக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே ஊற்றினாள்.

மாமாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. நம்ம வீட்டிலேயே கிருமி பிடிக்கிறவன் இருக்கும்போது எதற்கு வாய்ச்சண்டை, அவன் சோதித்துச் சொல்லட்டும், குற்றம் அவர்கள் பக்கம் என்று மெஷினே சொன்னால் அவர்கள் வந்து மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு கலியாணத்தைப் பேசலாம் என்றார். மஸ்கெலியாவுக்கு ஆள் போனது. வரட்டும், மெஷின் சொல்வதை நாங்களும் கேட்கிறோம் என்று பதில் வந்தது. இப்படியாக என் தங்கச்சியின் கலியாணம், ரிப்பன் வெட்டிய நாளிலிருந்து ஒரு முடிவும் சொல்லியிராத ஒரு மெஷினின் தலையில் வந்து விழுந்தது.

நான் அப்பிளைப் பொலித்தீன் பைக்குள் பையாகச் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். ஐயா அதைப் பார்த்த பார்வையில் ஒரு தகப்பனின் பூரிப்பு இருந்தது. ஆய்வுகூடம் தொடங்கின நாளிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் அழுகல். என்ன சங்கதி என்று கேட்டார். சொன்னேன். கலியாணம் முறிந்ததுபற்றி இச்சுக்கொட்டிவிட்டு, பூஞ்சணத்தின் நிறத்தைப்பற்றிச் சந்தோஷமாகப் பேசத் தொடங்கிவிட்டார். பழத்தில் உள்ளதை மட்டும் பார்த்தால் போதாது, பழம் இருந்த இடத்திலிருந்தும் வேண்டும் என்று என்னைத் திருப்பி அனுப்பினார்.

எங்கள் சாமி மாடத்தை நான் முதல்முறையாகக் கிட்டப்போய்ப் பார்த்தது அப்போதுதான். முருகன் படத்துக்குப் பின்னால், பரிசத் தட்டுக்கு நேர் மேலே, அம்மாவின் கண் ஆப்பரேஷனுக்கு மாமா கொண்டுவந்த அப்பிள் சுருங்கி, நீலம் பூத்து, விபூதியும் பூசப்பட்டு உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்குப் பார்வை மங்கல். தினமும் அதற்கும் சேர்த்துப் பூ வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டு பூஞ்சணத்தையும் தனித்தனித் தட்டில் வளர்த்து, அரைத்து, டி.என்.ஏ. எடுத்து மெஷினில் வைத்தோம். நுவரெலியா வரலாற்றிலேயே முதல்முறையாக, சோதனை முடியும்வரை கரண்டு போகவில்லை. ஜெல்லைப் பார்க்கும்போது இரண்டு வரிசையிலும் அந்தக் கோடு விழுந்திருந்தது. நஞ்சு செய்யும் சாதிதான். வேறு சில அடையாளக் கோடுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தின. எங்கள் மாடத்திலிருந்துதான் பூஞ்சணம் கீழே இறங்கியிருக்கிறது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

அப்படியென்றால் பழத்தில் நஞ்சு இருக்கிறது, அவ்வளவுதானே என்று கேட்டேன்.

"அதைச் செய்யத் தெரியும் எண்டு சொல்லலாம், தம்பி. செய்தது எண்டு சொல்ல ஏலாது. அதுக்கு வேறை சோதினை" என்றார் ஐயா.

இந்த வித்தியாசத்தை மாமாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று நினைத்தபோது எனக்குத் தலை சுற்றியது.

இன்னொன்றும் இருந்தது. இந்தப் பூஞ்சணம் நல்ல தோலைத் துளைத்துக்கொண்டு போகாது, காயம் பட்ட இடத்தால்தான் உள்ளே நுழையும் என்று சொல்லி ஐயா அப்பிளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அழுகலின் நடுவில் தோல் இல்லை. ஓரத்தில் வளைவாக, அகலமாகப் பல் தடம். எலியோ என்றேன். எலிக்கு இவ்வளவு பெரிய வாய் இருந்தால் நாம் அதைத்தான் ஆராய வேண்டும் என்றார். ஆனாலும் அறிக்கையில் 'பொறிமுறைக் காயம்' என்றே எழுதினார். விஞ்ஞானத்தில் யாரையும் காட்டிக்கொடுக்காமல் இருக்க இப்படிச் சில வசதிகள் உண்டு.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். மறுநாள் மஸ்கெலியாக்காரர்கள் வருவதாக ஏற்பாடு. மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லு என்றார். நஞ்சு செய்யும் பரம்பரையலகு இருக்கிறது, ஆனால் என்று தொடங்கினேன். 'ஆனால்' வாசலைத் தாண்டவில்லை. பழத்தில் விஷம் இருந்தது என்ற பேச்சு அடுத்த லயம்வரை போய்விட்டது. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். நானும் விடாமல் பின்னாலேயே போய், அது எப்படிப்பட்ட நஞ்சு, எலிக்குக் கொடுத்துப் பார்த்தால் குடலில் என்ன ஆகும் என்று விளக்கமாக எடுத்துச் சொன்னேன். யாருமே கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

பின்னேரம் தண்ணீர்ப் பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். தங்கச்சி குடத்தோடு வந்தாள். குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணே, அந்த வெஷம் உள்ளுக்குப் போனா எத்தன நாள்ல தெரியும்?"

எலிக்கென்றால், என்று நான் தொடங்கினேன்.

"எலிக்கு இல்லண்ணே. மனுசருக்கு."

திரும்பிப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பரிசம் முறிந்த கவலையில் சாப்பிடுகிறாள் இல்லை என்று அம்மா சொல்லியிருந்தார். லயத்துப் பெண்களெல்லாம் வந்து வந்து அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தராவது அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"பரிசம் போட்ட அன்னைக்கி எல்லாரும் மோந்து பார்த்தாங்க, தடவிப் பார்த்தாங்க. எனக்கு வந்த பழம், எனக்கு மட்டும் ஒரு துண்டும் வராது. எல்லாரும் போன பொறகு ஒரு வாய் கடிச்சேன். கடிச்ச பக்கத்த கீழ வச்சி அடுக்கிட்டேன். அதுவே அழுகியிருந்தத பார்த்ததுலேருந்து சோறு எறங்கல." குடத்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "கலியாணம் நின்னா நிக்கட்டும்ணே. நான் செத்துருவேனா?"

இத்தனை நாள் இரண்டு வீட்டு மானத்தையும் தூக்கிக்கொண்டு நாங்கள் பஸ் ஏறி இறங்கியிருக்கிறோம். இவள் அடுப்படியில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அழவும் முடியாது. அழுதால் கலியாணத்துக்கு அழுகிறாள் என்று ஆறுதல் சொல்ல வந்துவிடுவார்கள்.

நீ கடித்தபோது அது நல்ல பழம், பூஞ்சணம் பிறகு வந்தது, நீ கடித்த இடத்தால்தான் உள்ளே போனது, உனக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். நம்பவில்லை. திரும்பச் சொன்னேன். சுடுதண்ணீர் குடிக்கச் சொல்லாமல் நான் ஊரில் சொன்ன ஒரே வைத்தியம் அதுதான். அவள் அப்படியே கல்லில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து இழுத்து அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு, அப்போ எல்லாம் என்னால்தான் கெட்டதா என்று கேட்டாள். எலி என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குள் வரவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாமா கதிரையைப் போட்டு எதிரே உட்கார்ந்து, மெஷின் சொன்னதைச் சொல்லு என்றார். நான் சுருங்கிய அப்பிளையும் பையோடு கொண்டுவந்து வைத்து, இரண்டிலும் ஒரே பூஞ்சணம், எங்கள் மாடத்திலிருந்து போனதுதான், மஸ்கெலியாவிலிருந்து வந்ததல்ல என்றேன். அது தன்னுடைய அப்பிள் என்று மாமாவுக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பெரியவர் விஷயம் தெரிந்தவர். நல்ல தோலுக்குள்ளே அது எப்படிப் போகும் என்று கேட்டார். காயத்தால் போகும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியானால் ஓட்டைப் பழத்தையா நாங்கள் கொண்டுவந்து வைத்தோம் என்று அவர் எழுந்துவிட்டார். மாமாவுக்கும் குரல் திரும்பியது. நான் எலி என்று வாயெடுத்தேன்.

"எலி இல்ல. நான்தான் கடிச்சேன்."

தங்கச்சி தேத்தண்ணித் தட்டோடு வாசற்படியில் நின்றாள். சாமி தட்டில் வாய் வைத்தாயா என்று மாமா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். அம்மா நடுவில் போய் நின்றார். மாப்பிள்ளை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா அன்றுதான் எங்கள் வீட்டில் வாயைத் திறந்தார்.

"எப்புடி இருந்துச்சு?"

தங்கச்சிக்குப் புரியவில்லை. பழம் எப்படி இருந்தது என்று அவர் திரும்பக் கேட்டார்.

"மாவாட்டம் இருந்துச்சு, அத்த. தித்திப்பே இல்ல."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கடித்தது போதாதென்று குறையும் சொல்லிவிட்டாள், மிச்சமிருந்த சம்பந்தமும் போச்சு என்று நானும் நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சில் கிடந்த அந்தச் சுருங்கிய அப்பிளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கொழுந்து பறித்துப் பறித்துக் கறை ஏறிய விரலால் பையோடு ஒருமுறை உருட்டினார்.

"எனக்குப் புள்ள பொறந்த நேரமெல்லாம் கொண்டாந்து குடுத்தாங்க. அப்புடியே அடுத்த வீட்டுக்குக் குடுத்துருவேன். நானும் எத்தன பேருக்கு வாங்கிக்கிட்டுப் போயிருக்கேன். இந்த வயசுக்கு ஒரு வாய் தின்னு பார்த்ததில்ல."

பெரியவர் மெல்ல உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, ஊதி, தேத்தண்ணியைக் குடித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். மாமா மட்டும் தன்னுடையதை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார். மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டு, தங்கச்சியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.